இடது காதுக்கு ஒத்துவராத இயர்போன்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது காதைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், என் தங்கையும், பிள்ளைகள் இருவரும், கடையும், கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் ஒரு 'ம்' கொட்டுவதற்குள் வைத்துவிடுவீர்கள்; கடைக்காரருக்கு அது பழக்கம், குறையாகச் சொல்லவில்லை. தவிர, இதில் எழுதப்போகிற சங்கதியைத் தங்கை புருஷனிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நா எழாது. எங்கள் தெரு முனையில் பார்சல் வண்டி வைத்திருப்பவர் ஆறு மணிக்கு உங்கள் கடைப் பக்கம் போகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். இப்போது மணி மூன்று.

போன வாரம் நீங்கள் போன் செய்து, நான் கொடுத்த இயர்போன் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். "பிரமாதம் மாப்பிள்ளை, காதுல இருக்கிறதே தெரியல" என்று சொன்னேன். அது பொய். உங்கள் மனசு நோகக்கூடாதே என்று சொன்ன பொய். இன்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் எனக்கு உங்கள் கடை முத்திரை குத்திய கடிதம் ஒன்று வேண்டும். 'நான் கொடுத்த இயர்போனில் இடது பக்கம் தயாரிப்பிலேயே கோளாறு' என்று இரண்டு வரி எழுதினால் போதும். படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். இதில் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது, அதைத் தொட்டு என் வேலையும் போகலாம்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு இதுவரை சரியாகத் தெரியாது. உங்கள் கல்யாணப் பேச்சின்போது 'பெண்ணுக்கு அண்ணன் வாஷிங் மெஷின் கம்பெனியில் பெரிய அதிகாரி' என்று யாரோ சொல்லிவைத்தார்கள், நானும் சும்மா இருந்துவிட்டேன். நான் அதிகாரி இல்லை, காது. மெஷின் ஓடவில்லை, தண்ணீர் கசிகிறது, புதுச் சட்டையைத் தின்றுவிட்டது என்று ஊரே எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதற்கென்று ஒரு கூடத்தில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு முழுக்கப் பதிவாகும். அதில் சிலதைப் பொறுக்கியெடுத்து முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, எங்கள் பிள்ளை மரியாதையாகப் பேசினதா, வாடிக்கையாளர் என்ன சொன்னார், தப்பு யார் பேரில் என்று எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக இதுதான். பதிவில் ஓர் ஏற்பாடு உண்டு, அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆள் குரல் வலது காதில் மட்டும்தான் வரும், வாடிக்கையாளர் குரல் இடது காதில் மட்டும்தான் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துத் தெரியவேண்டுமே, அதற்காக. ஆக வலது காதில் மன்னிப்பு, இடது காதில் வசவு. ஆபீசில் எனக்குப் 'பாம்புக்காது' என்று பட்டப்பெயர். என் எதிரில்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இத்தனை வருஷமும் ஆபீஸ் கொடுத்த பெரிய ஹெட்போன்தான் போட்டேன். சாயங்காலம் கழற்றினால் மூக்குக்கண்ணாடிக் காம்பு அமுங்கிக் காதுக்குப் பின்னால் இரண்டு பள்ளம் இருக்கும். போன வருஷம் அதன் கறுப்புத் தோல் உதிர ஆரம்பித்து, என் சட்டைக் காலரெல்லாம் கறுப்புத் தூள், அதைத் துவைக்கிறவள் வாயிலிருந்து தினமும் ஒரு அர்ச்சனை. இந்த நேரத்தில் புதிதாக ஒரு மேலாளர் அம்மா வந்தார், என் மகளைவிட நாலு வயது பெரியவராக இருந்தால் அதிகம். வந்தவர் தடுப்பையெல்லாம் எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, இனிமேல் பெரிய ஹெட்போன் கிடையாது, காதுக்குள் வைக்கிற சின்னது அவரவர் காதுக்குத் தோதாக அவரவரே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். நான் தங்கையிடம் புலம்பினேன், தங்கை உங்களிடம் சொன்னாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் ஒரு பெட்டியோடு வந்து நின்றீர்கள். அந்த அக்கறைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியைப் பிரித்து, சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பரை மேஜையில் பரப்பி, உங்கள் போன் விளக்கை என் காதுக்குள் அடித்துப் பார்த்து, "மச்சானுக்குச் சின்னக் காது, சின்ன ரப்பர்தான் சரிப்படும்" என்று என் வீட்டுக்காரி எதிரில் சொன்னீர்கள். அவள், "காதாவது சின்னதா இருக்கே" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். பாம்புக்காது என்று பேர் எடுத்தவனுக்குச் சின்னக் காது என்றால் எப்படி இருக்கும்? நீங்கள் படியிறங்கிப் போனதும் சின்னதைப் பிடுங்கிவிட்டுப் பெரிய ரப்பரைப் போட்டேன். திங்கட்கிழமை முழுக்க இரண்டு காதும் விண்விண்ணென்று வலித்தது. ரோஷம் வேறு காது வேறு என்று புத்தி வந்து, செவ்வாய்க்கிழமை காலையில் ரயிலில் நின்றுகொண்டே மறுபடி சின்ன ரப்பரை மாட்டினேன். நன்றாக அழுத்தி மாட்டணும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. நிற்கவே இடமில்லாத பெட்டியில் எதை அழுத்துவது, எங்கே அழுத்துவது சொல்லுங்கள்.

செய்தி கேட்டுக்கொண்டு போனேன். நன்றாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் இறங்குகிற ஸ்டேஷன் வந்தது, ஒரு பெண்மணியின் பைவார் என் ஒயரில் மாட்டி இழுத்ததில் இரண்டு பக்கமும் ஒரேயடியாகக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வலது பக்கம் ரப்பரோடு வந்தது, இடது பக்கம் மொட்டையாக வந்தது. ரப்பரைக் காணோம். மாப்பிள்ளை கொடுத்தது, மூன்றாம் நாளே தொலைத்துவிட்டேன் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குனிந்து தேடினேன். பக்கத்திலிருந்தவர் என்ன தேடுறீங்க என்றார், சொன்னேன், அவரும் குனிந்தார். அப்புறம் அந்தப் பெண்மணி, அப்புறம் டிக்கெட் பரிசோதகர். ஒரு சட்டைப் பொத்தானும் இரண்டு கொண்டை ஊசியும் கிடைத்தன. ரப்பர் கிடைக்கவில்லை. சரி போகிறது, மிச்சம் இருக்கிற நடுத்தர ரப்பரை இடது பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆபீசுக்குப் போய் மாட்டினேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. நடுத்தர ரப்பர் இடது காதில் பாதி வழியிலேயே நின்றது. அழுத்தினேன். வலித்தது. வாடிக்கையாளர் ஏதோ தலையணைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி கேட்டார். ஒலியைக் கூட்டினால் வலது காதில் எங்கள் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்பது மண்டையைப் பிளந்தது. உங்கள் சாமான் எனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டி, மகளுடையதை வாங்கிப் போனேன். அது காதுமடலில் கொக்கி மாதிரி மாட்டுவது. கண்ணாடிக் காம்புக்கும் கொக்கிக்கும் இடச் சண்டை, இடது பக்கம் உள்ளேயே போகாது. எங்கள் ஆபீஸ் ஸ்டோரில் வேலை பார்க்கும் நண்பர் ஒயர் இல்லாத ஒன்றைக் கொடுத்தார், வெளிச் சத்தமே கேட்காது, தவம் பண்ணலாம் என்றார். உண்மைதான், நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் பேரைச் சொன்னதே கேட்காமல் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போனேன். பதறி இறங்கும்போது இடது பக்கம் காதிலிருந்து துள்ளி, பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே இருக்கிற சந்தில் விழுந்தது. நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. அவரைக் கண்டால் மாடிப்படி வழியாகப் போகிறேன். இந்தத் திங்கட்கிழமை ஸ்டேஷன் எதிரில் ஒரு கடைக்கார அம்மா, ரப்பர் வேண்டாம், பஞ்சு வைத்தது வாங்கிக்கோங்க, காது எப்படியோ அப்படி உப்பி உட்கார்ந்துக்கும் என்றார். அமுக்கி உள்ளே விட்டால் உப்பும். வலது காதில் உப்பி உட்கார்ந்தது. இடது காதில் உப்பியதும் ஒரேயடியாக இருட்டிவிட்டது, காது இருட்டுமா என்று கேட்காதீர்கள், இருட்டியது. சாயங்காலம் பார்த்தால் இடது பக்கப் பஞ்சைக் காணவில்லை. இந்தக் காலத்துச் சாமான் எதற்கும் ஆயுசு கிடையாது. மறுநாளிலிருந்து மறுபடி உங்கள் இயர்போனையே நடுத்தர ரப்பரோடு மாட்டிக்கொண்டேன்.

இத்தனை நாளும் வேலை எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதக் கை வரவில்லை. நடந்தது மாப்பிள்ளை, முன்னெப்போதையும்விட வேகமாக நடந்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே சண்டையைக் கேட்டவனுக்கு ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கம் தெரியாதா? வலது காதில் "தண்ணிக் குழாயைத் திறந்து வெச்சிருக்கீங்களா சார்?" என்று வந்தால், இடது காதில் என்ன வந்திருக்கும் என்று குழந்தைகூடச் சொல்லும். நான் யூகித்து எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு, மறுநாள் ஐந்து. திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கிற வேலை இல்லாததால் எட்டு நாளில் நாற்பத்தாறு பதிவு முடித்தேன். வசவு காதில் விழாததால் எல்லோருக்கும் மார்க் ஏறியது, பிள்ளைகள் முறைவைத்து எனக்கு டீ வாங்கித் தந்தார்கள். மேலாளர் அம்மா கூடத்தின் நடுவில் நின்று, புது இயர்போன் வந்ததும் நம்ம சீனியர் வேகத்தைப் பாருங்க என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

அந்த நாற்பத்தாறில் ஒன்றுதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகாத ஒரு பெண், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவள் தன்னை அவமதித்துப் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாள் என்று ஒரு வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் சட்டம் இதுதான்: எதிராளி அசிங்கமாகப் பேசினால் இரண்டு தடவை எச்சரித்துவிட்டு வைக்கலாம், அப்படிப் பேசாமல் வைத்தால் வேலை போச்சு. பதிவு என்னிடம் வந்தது. வலது காதில் அந்தப் பெண், "அப்படிப் பேசாதீங்க சார்" என்கிறாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "அப்படிப் பேசாதீங்க சார்." அப்புறம் போனை வைக்கிற சத்தம். இடது காதில் தலையணைக்கு அடியில் ஒருவர் மெதுவாக முனகுகிறார். இவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனுஷன் என்ன அசிங்கமாகப் பேசியிருக்கப் போகிறார், பெண் கொஞ்சம் முன்கோபி என்று யூகித்து, 'வாடிக்கையாளர் தகாத வார்த்தை எதுவும் பேசவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை அது. வியாழக்கிழமை காலையில் அந்தப் பெண்ணுக்கு, திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் அறைக்கு வரவேண்டும் என்று தாள் வந்துவிட்டது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். "சார், நீங்க முழுசாக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான், "கேட்டேன்மா" என்றேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுத்த போனை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் கோபம் என்று தெரியாமல் உங்கள் இயர்போன் பெட்டியைத் தேடி எடுத்தேன், அதில் அச்சடித்திருந்த குறைதீர்க்கும் நம்பருக்குப் போன் போட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் சரக்கின் மேல் புகார் சொன்னது தப்புதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் எடுத்தாள். இடது பக்கம் கேட்கவில்லை என்றேன். அவள் தன் முன்னால் இருக்கிற கேள்விப் பட்டியலை வரிசையாகக் கேட்டாள், எங்கள் பிள்ளைகள் கேட்பது போலவே. இடது பக்கத்தைக் கழற்றி வலது காதில் மாட்டிப் பார்த்தீர்களா என்றாள். காதுக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை காட்டினீர்களா என்றாள். என் காதையா? பாம்புக்காதையா? என்ன பேசினேன் என்று முழுசாக எழுத வெட்கமாக இருக்கிறது. உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்பதில் ஆரம்பித்து அவள் வீட்டு வளர்ப்பில் போய் நின்றேன். அவள், "அப்படிப் பேசாதீங்க சார்" என்றாள். எல்லாக் கம்பெனியிலும் ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. நான்தான் போனை வைத்தேன்.

அந்த வாக்கியம் காதைவிட்டுப் போகவே இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை, ஆபீசில் எல்லோரும் கிளம்பினபிறகு, போனில் அவள் சொன்னதைச் செய்து பார்த்தேன். இடதுக்கென்று 'எல்' எழுதியிருப்பதை வலது காதில் மாட்டலாம் என்று பத்தொன்பது வருஷத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் போக யாருக்காவது தோன்றுமா? வளைவு மாறியிருந்ததால் விழாமல் விரலால் பிடித்துக்கொண்டு அந்தப் பதிவை ஓட்டினேன். தலையணையும் இல்லை, முனகலும் இல்லை, துல்லியமாகக் கேட்டது. அந்த ஆள் பேசியதை எழுதினால் இந்தக் காகிதம் நாறும். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்குமேல் கேட்காதீர்கள். அந்தப் பெண் சட்டத்தில் சொல்லியிருக்கிறபடி இரண்டு தடவை எச்சரித்து, மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்கிறாள். பத்துக்குப் பத்து போடவேண்டிய இடத்தில் நான் அவள் வேலைக்கு உலை வைத்திருக்கிறேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். திங்கட்கிழமை நான் போய், அந்த அறிக்கை தப்பு, நான் கேட்காமலே எழுதினேன் என்று சொன்னால், மீதி நாற்பத்தைந்தும் என்ன கதி என்று கேட்பார்கள். பாம்புக்காது நாற்பத்தாறு பதிவுக்குக் காதே இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று கூடம் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பதோடு விட்டால் பரவாயில்லை. இந்த வேலைக்கு இரண்டு காதும் கேட்கவேண்டும் என்று ஆளெடுக்கும்போதே எழுதி வாங்கியிருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. இயர்போன் வலது காதில் ஒழுங்காகக் கேட்கிறது, இடது காதில் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. டாக்டரிடம் போனால் அவர் அதை ஒரு தாளில் எழுதிவிடுவார், எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும். வீட்டில்கூட நாலு நாளாக ஒரே அமைதி. என் வீட்டுக்காரி எப்போதும் என் இடது பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். நான் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு அவள் பேச்சை நிறுத்தியிருக்கிறாள். நான் அது இரண்டு நாள் தெரியாமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஆகையால் உங்கள் கடிதம் ஒன்றுதான் வழி. இயர்போனில் கோளாறு என்று கடைக்காரரே எழுதிக் கொடுத்தால், மேலாளர் அம்மாவிடம் நான் தாளை நீட்டி, கருவி கெட்டுப்போனது தெரியாமல் எழுதிவிட்டேன், எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெண்ணுக்கும் வேலை நிற்கும், எனக்கும் நிற்கும். பாம்பும் சாகவேண்டும் தடியும் உடையக்கூடாது என்பார்கள். பொய்தானே என்று கேட்பீர்கள். பொய்தான். ஆனால் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிற பொய். உங்கள் கடைக்கு இதனால் ஒரு கெட்ட பேரும் வராது, அப்படியே வந்தாலும் எங்கள் ஆபீசில் உங்கள் கடைக்கு யார் வரப்போகிறார்கள்? கடிதம் வராவிட்டால் திங்கட்கிழமை நான் வாயைத் திறப்பேனா என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை. அந்த யோசனைதான் நேற்றிலிருந்து சோறு இறங்கவிடாமல் அடிக்கிறது. கைவிட்டுவிடாதீர்கள்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் மூத்தவன் என்ற உரிமையில் என் ஆசிகள். தங்களுக்கு ஆசி சொல்லுகிற உரிமை எனக்கு இல்லை, மரியாதையைத்தான் சொல்லலாம். அதை இரண்டு பங்காக எடுத்துக்கொள்ளவும். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களை விசாரித்ததாகச் சொல்லவும். சாமானுக்குக் குறை சொன்னவன் உங்களுக்குக் குறை சொன்னதாக நினைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதீர்கள். திரும்ப எழுத நேரமில்லை, மணி ஆறாகப் பத்து நிமிஷம், வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார். உறை கேட்பதற்காக என் வீட்டுக்காரியிடம் போனேன். பேசாமல் இருப்பவள் படிக்காமல் இருப்பாளா, கையிலிருந்து பிடுங்கி நின்றபடியே கடைசிவரை படித்தாள். படித்துவிட்டு நாலு நாள் விரதத்தை முடித்துக்கொண்டு கேட்டாள்: "ரயில் பூரா தேடினீங்களே, காதுல தேடினீங்களா?" அடுத்த தெருவில் காது டாக்டர் அம்மா இருக்கிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், பார்த்தவர் ஒரு மெல்லிய இடுக்கியை விட்டு முதலில் ஒரு பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டார். எழுந்திருக்கப் போனேன். "உக்காருங்க சார், பின்னால இன்னொண்ணு இருக்கு" என்றார். மாப்பிள்ளை, நீங்கள் கொடுத்த சின்ன ரப்பர். பதினோரு நாள் உள்ளே இருந்திருக்கிறது, அதன்மேல் நான் அத்தனை சாமானையும் விட்டுக் குத்தியிருக்கிறேன். இருக்கிறதே தெரியல என்று உங்களிடம் சொன்னேனே, அது ஒன்றுதான் உண்மை. டாக்டர் அதைக் கழுவிக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம். உங்கள் இயர்போனில் குற்றம் இல்லை. எனக்குச் சின்னக் காதுதான், நீங்கள் சொன்னது சரி.

காது பளீரென்று திறந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா, டாக்டரிடம் ஒரு தாள் வாங்கிக்கொள்ளலாம், காதில் ரப்பர் இருந்தது என்று எழுதித் தருவார், உங்கள் பொய்க் கடிதத்தைவிட நல்ல சாக்கு. டாக்டரிடம் கேட்கவும் வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடிக்கொண்டேன். காதில் ரப்பர் இருந்தது வாஸ்தவம். 'கேட்டேன்மா' என்று சொன்னது காது இல்லையே, வாய்தானே. வாயில் ஒன்றும் அடைத்திருக்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலிலேயே நின்று உங்கள் இயர்போன் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். 'இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது' என்று வந்தது, முதல் தடவையாக அதை இடது காதால் முழுசாகக் கேட்டேன். எடுத்தது வேறு யாரோ ஒரு பையன், வியாழக்கிழமை பேசிய பெண் இன்றைக்கு வரவில்லை என்றான். ஏன் வரவில்லை என்று கேட்டேன், சொல்லக்கூடாது சார் என்றான். தம்பி, நான் உங்கிட்ட பேசல, பதிவுகிட்டப் பேசறேன், நீ வைக்காதே என்று சொல்லிவிட்டு, அங்கே என்னைப் போல உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் சொன்னேன்: "அண்ணனோ அக்காவோ, யாரா இருந்தாலும் சரி. வியாழக்கிழமை கத்தினவன் நான்தான். அந்தப் பொண்ணு கேட்டது எல்லாம் சரியான கேள்வி, தப்பு என் காதுல. மார்க் போடறதுக்கு முன்னாடி தயவு பண்ணி முழுசாக் கேளுங்க."

வண்டிக்காரர் மணி அடிக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு எந்தத் தாளும் இல்லாமல் போகிறேன், வேலை இருந்தால் இருக்கட்டும். மேலாளர் அறைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பெண் மேஜைக்குப் போகவேண்டும். அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை: "கேக்கலம்மா."